யோகா என்று சொல்லி வாங்கிய அனுமதி

பெங்களூருவில் வசிக்கும் ஒரு வாசகியிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 33. கணக்காளர். நாலரை வயதில் ஒரு மகன். இரண்டு ஆண்டுகள் தாய்ப்பால் கொடுத்து முடித்தபின் மார்பகங்கள் வற்றிப்போனது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பணம் சேர்த்து, கணவரிடம் பேசி, ஏழு வாரங்களுக்கு முன் மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். சிலிக்கோன் இம்பிளான்ட், அதாவது மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை, தசைக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. தழும்பு மார்பின் கீழ் மடிப்பில். செங்குத்தான கம்பத்தில் ஏறியும் சுழன்றும் ஆடும் ‘போல் டான்ஸ்’ மூன்று ஆண்டுகளாக வாரம் மூன்று மாலை பழகுகிறார். குழந்தை பிறந்தபின் தன் உடம்பு தனக்கே திரும்பக் கிடைத்தது அந்த எஃகுக் கம்பத்தில்தான் என்று எழுதுகிறார்.

ஆறு வாரம் முடிந்ததும் வழக்கமான பயிற்சியைத் தொடங்கலாம் என்று சிகிச்சை செய்த டாக்டர் சொல்லியிருக்கிறார். வகுப்புக்குப் போய்க் கம்பத்தில் ஏறியிருக்கிறார், சிக்கல் இல்லை. தலைகீழாகத் திரும்பும் ‘இன்வெர்ட்’ செய்ய முயன்றபோது வலப்பக்கம் உள்ளே ஏதோ நகர்ந்ததுபோல் இருந்திருக்கிறது. பயந்து இறங்கிவிட்டார். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. ஐந்து வாரத்தில் பயிற்சிக்கூடத்தின் ஆண்டு நிகழ்ச்சி. தெரிந்த பெண் ஒருவர் நான்காவது வாரமே ஏறிவிட்டாராம். இன்னொருவரோ தசையை வெட்டிய பிறகு இனி ஏறவே முடியாது என்கிறாராம். இம்பிளான்ட் உடைந்திருக்குமா, மேடை ஏறலாமா, பழைய பலம் வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிப் பத்தியில், போகிற போக்கில் மூன்று வாக்கியங்கள்: “டாக்டரிடம் யோகா செய்வதாகத்தான் சொன்னேன். பயிற்சியாளரிடம் முதுகில் பிடிப்பு என்று சொல்லி லீவு எடுத்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மாவிடம் மார்பில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.”

அன்புள்ள தோழிக்கு,

நான் பிளாஸ்டிக் சர்ஜன். மார்பக இம்பிளான்ட்டைப் பற்றி எனக்குத் தெரியும், போல் டான்ஸைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆகவே பதில் எழுதுவதற்கு முன் ஒரு பயிற்சிக்கூடத்தில் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் வயதுதான் இருக்கும், ஒரு பெண் 45 மில்லிமீட்டர் கம்பியை ஒரு கையால் மேலே பிடித்து இழுத்து, மறு கையால் கீழே தள்ளி, இரண்டு கால்களையும் தலைக்கு மேல் கொண்டுபோனார். அந்த நொடியில் அவருடைய அக்குளின் முன்பக்கம் ஒரு தசை கிணற்றுக் கயிறுபோல் விறைத்து நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு வேறு எதிலும் கண் போகவில்லை. உங்கள் இம்பிளான்ட்டின் மேல் போர்வையாகக் கிடப்பது அதே தசை.

உள்ளே நகர்ந்தது எது?

முதலில் பயத்தைப் பார்ப்போம். இம்பிளான்ட் உடைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்றைய சிலிக்கோன் இம்பிளான்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஓடும் திரவம் அல்ல. நோன்புக் கஞ்சியோடு தட்டில் வைப்பார்களே கடல்பாசி, அதுபோலத் தன் வடிவத்தில் நிற்கும் ஜெல். அதைச் சுற்றியுள்ள உறையும் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. தலைகீழாகத் தொங்குவதால் அது வெடிக்காது, விமானத்தில் பறப்பதாலும் வெடிக்காது.

நகர்ந்தது இம்பிளான்ட்டேதான், ஆனால் உடைந்து அல்ல. மார்புத் தசை ஒரு விசிறி. கைப்பிடி மேல்கை எலும்பின் பக்கம். விரிந்த ஓரம் காறை எலும்பிலும் நெஞ்செலும்பிலும் விலாவின் கீழ்ப்பகுதியிலும் ஒட்டியிருக்கும். தசைக்கு அடியில் இடம் பண்ண வேண்டுமானால் கீழ் விலாவில் ஒட்டியிருக்கும் பகுதியை நாங்கள் விடுவிப்போம். மேல்பகுதியும் நெஞ்செலும்புப் பகுதியும் பெருமளவு அப்படியே இருக்கும். ஆகவே ‘தசையை வெட்டிவிட்டார்கள், இனி முடியாது’ என்ற பேச்சு தவறு. ஆனால் அந்த விசிறி சுருங்கும்போது அடியில் இருக்கும் இம்பிளான்ட்டை மேல்பக்கமும் வெளிப்பக்கமும் தள்ளும்.

கண்ணாடி முன் நின்று இரு கைகளையும் இடுப்பில் வைத்து மெதுவாக உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். மார்பகம் சற்று விலகி, தளர்த்தியதும் பழைய இடத்துக்கு வந்தால், நீங்கள் உணர்ந்தது அதுதான். தசைக்கு அடியில் வைத்தவர்களில் பலருக்கும் கூடவோ குறையவோ இது இருக்கும். அந்த அசைவு மட்டும் இருந்தால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஏழாவது வாரத்தில் அதே தள்ளல் வாரம் மூன்று நாள், முழு உடல் எடையோடு நடந்தால், இம்பிளான்ட் இருக்கும், இன்னும் உறுதிப்படாத அறை அந்தத் திசையிலேயே விரிந்துபோகும். பிறகு படுக்கும்போது இரண்டும் அக்குள் பக்கம் ஒதுங்கும். அல்லது ஒன்று மட்டும் கீழே இறங்கும். அதைச் சரிசெய்ய இன்னோர் அறுவைச் சிகிச்சைதான் வழி.

சிகிச்சை செய்தவரிடம் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் கையால் பரிசோதித்தே சொல்லிவிடுவார், சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாகி இறுகினால், புதிதாகக் கன்றிப்போனால், காய்ச்சலோ சிவப்போ தழும்பில் கசிவோ தெரிந்தால் அந்த வாரம்வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். மார்பின் கீழ் தோலுக்கடியில் நரம்பு இழுத்ததுபோல் மெல்லிய கயிறு ஒன்று தட்டுப்பட்டால் மட்டும் பதற வேண்டாம். அது மேலோட்டமான ரத்தக்குழாய் அழற்சி. காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும்.

ஆறு வாரம் என்பது எதன் கணக்கு?

உங்கள் டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. யோகாவுக்கு என்று கேட்டீர்கள், யோகாவுக்கு அனுமதி தந்தார். அவர் மனக்கண்ணில் ஓடியது பாய் விரித்த ஒரு பெண். அறுபது கிலோவை ஒற்றைக் கையில் தொங்கவிடும் பெண்ணை அவர் நினைத்திருக்க வழியே இல்லை.

ஆறு வாரம் என்பது பொதுவாகத் தழும்பும் உள்தையலும் அன்றாட வேலையைத் தாங்கும் அளவுக்கு வந்திருக்கும் என்ற கணக்கு. தைத்த தோலின் பலம் மூன்றாவது வாரத்தில் பழைய பலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு. மூன்று மாதம் ஆகும்போதுதான் 80 சதவீதத்தைத் தொடும். அதற்கு மேல் பெரிதாக ஏறாது. இம்பிளான்ட்டைச் சுற்றி உடம்பே நெய்துகொள்ளும் மெல்லிய உறையும் இந்த மாதங்களில்தான் கெட்டிப்படுகிறது. விடுவிக்கப்பட்ட தசையும் புது இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மகனைத் தூக்க ஆரம்பித்துவிட்டேன், வலிக்கவில்லை, ஆகவே கம்பமும் ஏறலாம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் எடை 16 கிலோ. அவனை இடுப்போடு அணைத்துத் தூக்குகிறீர்கள், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கிறது. கம்பத்தில் கை தலைக்கு மேல் இருக்கிறது, எடை அவனைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதோடு சுழற்சி வேறு. இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை.

வலி இல்லை என்பதையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். மார்பின் கீழ்ப்பகுதி இன்னும் மரத்துப்போயிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும்?

நான்காவது வாரத்தில் ஏறிய அந்தப் பெண்ணுக்கு இம்பிளான்ட் பால் சுரப்பிக்கு அடியில், தசைக்கு மேல் வைக்கப்பட்டிருக்கலாம்; தழும்பு வேறிடத்தில் இருக்கலாம்; அல்லது அதிர்ஷ்டம் இருந்திருக்கலாம். அவருடைய கணக்கு உங்களுக்கு உதவாது. உங்களுடைய கணக்கு அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். குறிப்பையும் இம்பிளான்ட்டின் தயாரிப்பு விவரம், வரிசை எண் உள்ள அட்டையையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்றும் பாருங்கள். சொரசொரப்பான வகைகளோடு தொடர்புடைய ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக 2019இல் ஒரு பெரிய நிறுவனம் தன் தயாரிப்பை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உங்களுக்கு இப்போது அந்தக் கவலை தேவையில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் வீங்கினால் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான். இம்பிளான்ட் ஆயுளுக்கும் உழைக்கும் பொருள் அல்ல. சத்தமில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று ஐந்து, ஆறு ஆண்டில் ஒருமுறையும் பிறகு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் பார்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது.

ஐந்து வாரம் கழித்து மேடை

நிகழ்ச்சி நாளன்று உங்களுக்குப் பன்னிரண்டு வாரம் முடிந்திருக்கும். இன்வெர்ட் வேண்டாம். ஷோல்டர் மவுன்ட், ஹேண்ட்ஸ்பிரிங், ஐயிஷா என்று தோளிலும் கைகளிலும் எடை ஏறும் வித்தைகளை இந்த ஆண்டு மறந்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஏமாற்றம்தான், தெரிகிறது. ஆனால் நான் பார்த்த அந்த ஒரு மணி நேரத்தில் என்னை அசத்தியது உயரத்தில் நடந்தது மட்டும் அல்ல. ஒரு பெண் கம்பத்தின் அடியில், ஒரு கையால் சும்மா தொட்டுக்கொண்டு, தரையில் உருண்டு எழுந்து நடந்தார். மொத்தக் கூடமும் அவரையே பார்த்தது. தரை அசைவுகளும், பாதம் தரையில் ஊன்றிய சுற்றுகளும் சேர்த்து மூன்று நிமிட நடனம் அமைக்க உங்கள் பயிற்சியாளரால் முடியும். உருளும்போது மார்பில் குப்புற விழாத மாதிரி அமைக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் வரும் பெண்ணாக இருந்தால் வரிசையை இப்படிப் போடுவேன். உங்கள் டாக்டர் பரிசோதித்துவிட்டு இதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

அடுத்த இரண்டு வாரம் கம்பம் இல்லை. நடை, கால் பயிற்சி, தோளை முழு வட்டமாக அசைப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவ்வளவுதான். இரண்டு கைகளும் காதை ஒட்டி ஒரே உயரத்துக்கு ஏற வேண்டும். ஒரு கை பின்தங்கினால் மேலே போக வேண்டாம். சிகிச்சைக்குப்பின் பெண்கள் மார்பைக் காப்பதுபோல் தோளைக் கூனி நடப்பார்கள், அப்படியே பழகிவிடும். கூனிய தோளோடு தொங்கினால் முதலில் கெடுவது தோள் மூட்டு. இம்பிளான்ட்டின் முறை அதற்கும் பிறகுதான்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை கம்பத்தைப் பிடிக்கலாம், ஆனால் பாதம் தரையில் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி எடையில் கொஞ்சத்தைக் கைகளுக்குக் கொடுத்துப் பத்து எண்ணுங்கள். மறுநாள் காலை எழுந்ததும் கண்ணாடியைப் பாருங்கள். இறுக்கமோ வீக்கமோ ஒரு பக்கம் மாறுபாடோ இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். இல்லையென்றால் கொஞ்சம் கூட்டலாம். வகுப்பு நடக்கும்போது உடம்பு சூடாக இருக்கும், ஒன்றும் தெரியாது. மறுநாள் காலைதான் சரியான நீதிபதி.

மூன்று மாதத்துக்குப் பிறகு இரு கை ஏற்றமும் எளிய சுற்றுகளும். நான்காவது மாதத்தில் தரையிலிருந்து, குதிக்காமல், கீழே கனமான மெத்தை விரித்து இன்வெர்ட். அக்குளால் கம்பத்தைக் கவ்வும் பிடிகளும், ஒரு கை இழுக்க மறு கை தள்ளும் பிடிகளும் ஐந்து, ஆறு மாதத்துக்குக் குறையாமல்.

பழைய பலம் வருமா என்று கேட்டீர்கள். வரும். தள்ளும் பலத்தில் சற்றுக் குறை நிற்கலாம், அதை முதுகும் வயிறும் ஈடுகட்டும். தசை அசையும்போது மார்பகம் விலகும் அந்தத் தோற்றம் முழுதாக மறையாமலும் போகலாம். இதைச் சிகிச்சைக்கு முன்பே உங்களிடம் பேசியிருப்பார்கள், நீங்கள் செய்வது என்ன என்று தெரிந்திருந்தால்.

எண்ணெயும் எஃகும்

ஒரு சின்ன விஷயம், ஆனால் எலும்பை உடைக்கக்கூடியது. தழும்புக்கு சிலிக்கோன் ஜெல்லும் தேங்காய் எண்ணெயும் தடவி நீவுவதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் வகுப்புக்குப் போகும் நாளில் இரவில் மட்டும் தடவுங்கள். விழுப்புரத்துப் பிள்ளைகள் ஏறும் மல்லர் கம்பத்துக்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள். அது மரம், அந்த வித்தை வேறு. உங்கள் கம்பத்தில் வெறும் தோல்தான் பிடிமானம். அதனால்தானே அத்தனை குறைந்த உடை? துணி வழுக்கும் என்ற எளிய காரணம் ஊருக்குத் தெரிவதில்லை. காலையில் நீவிய விரலின் மினுமினுப்பு மாலைவரை உள்ளங்கையில் இருக்கும். பிடிக்காகப் பூசும் பொடியும் திரவமும் தழும்பின் மேல் படக்கூடாது.

மரத்துப்போன தோலில் கம்பம் உராய்ந்து தோலை உரித்தாலும் உங்களுக்குத் தெரியாது. வகுப்பு முடிந்ததும் கண்ணால் பாருங்கள். அந்த இடத்தில் வெந்நீர்ப் பை ஒத்தடம் கூடவே கூடாது. சுட்டுக்கொண்டு கொப்பளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உணர்வு பெரும்பாலும் மாதங்களில் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது.

மூன்று பேர், மூன்று கதைகள்

டாக்டரிடம் யோகா என்று சொன்னதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். போல் டான்ஸ் என்றால் ஒரு டாக்டரின் முகத்தில் என்ன ஓடும் என்று நீங்கள் ஊகித்திருக்கிறீர்கள். ஊகம் முழுக்கத் தவறு என்றும் என்னால் சொல்ல முடியாது. சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் உலகச் சங்கம் 2017இல் போல் விளையாட்டுக்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் நீங்கள் சொல்வதை வெளியே சொல்லாமல் காப்பது அவருடைய கடமை. உங்கள் கைப்பேசியில் நீங்கள் இன்வெர்ட் செய்யும் வீடியோ கட்டாயம் இருக்கும். அரை நிமிடம் அதை ஓடவிட்டு, கால் மேலே போகும் இடத்தில் நிறுத்தி, “இதை எப்போது செய்யலாம்?” என்று கேளுங்கள். விளக்கவே வேண்டாம். முகம் சுளித்தார் என்றால் வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பயிற்சியாளரிடம் சொன்ன கதைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நீங்கள் நழுவினால் அவர் தாங்கிப் பிடிப்பார். முதுகில் பிடிப்பு என்று நம்பியிருப்பவர் முதுகில் கை வைக்கத் தயங்கி, முன்பக்கம் அக்குளுக்குக் கீழே அள்ளிப் பிடிப்பார். உங்கள் விஷயத்தில் யாரும் கை வைக்கக் கூடாத ஒரே இடம் அது. மார்பக அறுவைச் சிகிச்சை என்று சொல்ல மனம் வரவில்லையென்றால், “மார்புத் தசையில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது, முன்பக்கம் பிடிக்காதீர்கள், இடுப்பில் பிடியுங்கள்” என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, காரணம் கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

அம்மா. நீங்கள் கட்டி என்று சொன்ன நாளிலிருந்து அவர் செவ்வாய்க்கிழமை சாப்பிடுவதில்லை, சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்ப விவகாரத்தில் நான் நுழையவில்லை. டாக்டராக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டி உங்கள் வீட்டோடு நிற்காது. நாளை உங்கள் தங்கை மார்பகப் பரிசோதனைக்குப் போவார், குடும்பத்தில் யாருக்காவது மார்பகத்தில் கட்டி உண்டா என்று கேட்பார்கள், அம்மா ‘ஆமாம், பெரியவளுக்கு’ என்பார், அது அவருடைய கோப்பில் ஏறும். இல்லாத கட்டிக்காக அவருக்கு ஊசியும் ஸ்கேனும் பயமும். அறுவைச் சிகிச்சை எதற்கென்று அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். “கட்டி எதுவும் இல்லை அம்மா” என்பதை மட்டும் வருகிற செவ்வாய்க்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாவம், பட்டினி கிடக்கிறார்.